வட்டத்துக்குள் மறைந்த பெயர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் ஊராட்சியின் வரவு செலவை ஊரார் தங்கள் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளும்படி நீ செய்திருக்கும் செயலியைச் சாவகாசமாகப் பார்த்து முடித்தேன். அரசாங்கத்தின் கணக்கு பிரஜைகளின் பார்வைக்கு வரவேண்டும் என்பதில் நம் இருவருக்கும் அபிப்பிராய பேதம் கிடையாது. ஆகவே அந்தப் பாலபாடத்தை விட்டுவிட்டு, எனக்கு எரிச்சலூட்டிய விஷயத்துக்கே நேராக வந்துவிடுகிறேன்.

நூறு நாள் வேலைப் பகுதியைத் திறந்தால் பச்சையும் நீலமுமாக ஒரு வட்டம் சுழன்று வந்து நிற்கிறது. இத்தனை மனித நாட்கள், இவ்வளவு ரூபாய் என்று அதன் அடியில் இரண்டு தொகைகள். ஆள் எங்கே, அப்பா? எந்த ஏரிக்கரையில், எந்த வாரத்தில், யார் யார் மண் வெட்டினார்கள் என்று சொல்லும் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதையே கூட்டிக் கழித்து, பெயர் ஒன்றுகூட மிஞ்சாதபடி ஒரு சித்திரமாக்கி எங்களுக்குக் காட்டுகிறாய். மொத்தத் தொகையில் உள்ள பொய்யை மகா பண்டிதனாலும் கண்டுபிடிக்க முடியாது. பெயரில் உள்ள பொய்யை எழுத்து வாசனையே இல்லாத கிழவியும் கண்டுபிடித்துவிடுவாள்.

நூறு நாள் வேலை வந்த புதிதில், ஒன்றிய அலுவலக எழுத்தனாக நான் உட்கார்ந்திருந்த ஒரு கிராம சபையில், ஊராட்சிச் செயலர் பதிவேட்டை மூச்சுவிடாமல் ஒப்பித்துக்கொண்டே போனார். பனியன் கம்பெனி வேலைக்கென்று திருப்பூருக்குப் போய் வருஷக்கணக்காகத் திரும்பாத ஒருவருடைய பெயர் வந்ததும், முதலில் ஒரு பெண் சிரித்தாள்; அப்புறம் சபை முழுவதுமே சிரித்தது. தணிக்கைக்கு வந்துபோன எவருடைய பேனாவிலும் அகப்படாத புரட்டு அந்தச் சிரிப்பில் அகப்பட்டது. செயலர் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

1994 டிசம்பரில் ராஜஸ்தானத்துப் பாலி ஜில்லாவில், கோட் கிரானா என்னும் கிராமத்தில், அருணா ராயும் தோழர்களும் நடத்திவந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் உழைப்பாளர், உழவர் அமைப்பு முதன்முதலாக மக்கள் விசாரணையைக் கூட்டியபோது செய்ததும் இதுவே: பதிவேட்டை உரக்கப் படித்தார்கள். 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு இப்படிப்பட்ட விசாரணைகளே பூர்வபீடிகை. அதன் 4-ஆம் பிரிவின் விளக்கத்தை உன் போன்ற கணினிக்காரர்கள் ஏன் படிப்பதே இல்லையோ, தெரியவில்லை. தகவலைப் பரப்பும் வழிகளை அடுக்கும் அவ்விளக்கம், அறிவிப்புப் பலகையில் தொடங்கி, பத்திரிகை, பொது அறிவிப்பு, ஒலிபரப்பு என்றெல்லாம் வந்த பிறகுதான் இணையத்தைப் பிரஸ்தாபிக்கிறது.

அந்தரங்கத்தைக் காக்கவே பெயர்களை நீக்கியதாக முகவுரையில் எழுதியிருக்கிறாய். ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் மறை. வேண்டாமென்று யார் சொன்னது? பொதுப்பணத்தில் கூலி வாங்கினவர் பெயரில் என்ன அந்தரங்கம்? தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) உட்பிரிவில் பொதுநலனுக்கென்று வைத்திருந்த விதிவிலக்கை 2023-ஆம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நீக்கிவிட, மறைப்பதற்கு உத்தியோகஸ்தர்களுக்கே சௌகரியமான காரணம் கிடைத்துவிட்ட இந்தக் காலத்தில், நீயும் வலியப் போய் மறைக்க வேண்டுமா?

இன்னொன்று: கணக்கு என்றைக்குப் புதுப்பிக்கப்பட்டது என்று எங்குமே காணோம். தேதியில்லாத கணக்கைக் கணக்கென்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஆனால், தம்பி, கான்கிரீட் சாலைக்கான செலவுப் பட்டியலுக்கு எதிரே, எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தின் பக்கத்தை வைத்து, இரண்டுக்கும் கீழே இன்று அந்தச் சாலை கிடக்கும் கோலத்தைப் படமெடுத்து வைத்திருக்கிறாயே, அதைக் கண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். என் உத்தியோக காலம் முழுவதிலும் இம்மூன்றும் ஒரே மேஜையில் கூடியதை நான் பார்த்ததில்லை. எம்-புக் பொறியாளரின் பீரோவிலும், பட்டியல் அலுவலகக் கட்டிலும், சாலை ஊரிலுமாக ஒன்றையொன்று சந்திக்காமலேயே காலங்கழித்தன. அபாரமான காரியம்! சர்க்காரில் எவருக்கும் இது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னதாக அந்த வட்டத்தை எடுத்துவிட்டுப் பெயர்களை வாரவாரியாகப் போடு. பெரிய எழுத்தில் அச்செடுத்து ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டிவை. சபையில் படிப்பதற்கு வேறு ஆளைப் பிடி. உன் குரல் போதாது, தொலைபேசியில் கேட்டிருக்கிறேன். அச்சுக்கூலி எவ்வளவென்று எழுது, அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும்
பழைய எழுத்தன்