தூத்துக்குடிக்குக் கல்யாணத்துக்குப் போகிறோம், எங்கே சாப்பிடுவது?

கேள்வி: டாக்டர் ஐயா, வைகாசியில் என் கணவரின் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு தூத்துக்குடி போகிறோம். மூன்று நாள் லாட்ஜில் தங்குகிறோம். கல்யாணச் சாப்பாடு இரண்டு வேளைதான், மற்ற வேளையெல்லாம் வெளியே. கூட வருபவர்கள்: எழுபது வயது மாமியார் (இருபது வருடமாகச் சர்க்கரை), ஏழு மாதக் கர்ப்பிணியான மகள், நான்கு வயதுப் பேரன். சில வருடங்களுக்கு முன் ஒரு கடற்கரை ஊரில் மதியம் சூரை மீன் குழம்பு சாப்பிட்டோம். அரை மணி நேரத்தில் எனக்கும் கணவருக்கும் முகமெல்லாம் சிவந்து, தலைவலியும் உடம்பெல்லாம் அரிப்பும் வந்தது. ராத்திரிக்குள் சரியாகிவிட்டது. 'உங்களுக்குக் கடல் மீன் அலர்ஜி' என்றார்கள். அன்றிலிருந்து கடல் மீனைத் தொடுவதில்லை. மேட்டூர் அணை மீன் மட்டும் சாப்பிடுகிறோம், அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. 'பெரிய ஏ.சி. ஓட்டலுக்கே போய்விடலாம்' என்கிறார் கணவர். பரோட்டா சாப்பிடாமல் திரும்ப மாட்டேன் என்கிறாள் மகள். எனக்கோ நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. எந்த ஓட்டலை நம்புவது?
– ச. மீ., திருச்செங்கோடு

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. கல்யாணத்துக்குப் போய் வாருங்கள். தூத்துக்குடியில் நன்றாகவே சாப்பிடலாம், மகள் பரோட்டாவும் சாப்பிடலாம். அதற்காக உங்கள் பயத்தை வீண் பயம் என்று தள்ளிவிட மாட்டேன். கர்ப்பிணி, வயதான சர்க்கரை நோயாளி, சின்னப் பிள்ளை மூன்று பேரையும் ஒன்றாக அழைத்துக்கொண்டு கிளம்பும் யாருக்கும் இந்தக் கவலை வரத்தான் செய்யும். ஆனால் உங்கள் பயம் முழுக்க மீன் மேலேயே இருக்கிறது. அதில் பாதியைத் தண்ணீருக்கும் ஐஸுக்கும் கொடுங்கள் என்பதுதான் என் யோசனை.

முதலில் அந்தப் பழைய சம்பவத்தைப் பார்ப்போம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, அரை மணி நேரத்தில் வந்திருக்கிறது, தானாகவே போயும்விட்டது. ரத்த சம்பந்தம் இல்லாத இரண்டு பேருக்கு ஒரே மதியத்தில் ஒரே அலர்ஜி புதிதாக வருவது மிக அபூர்வம். மீன் அலர்ஜி உள்ளவர்களில் பலருக்கு ஆற்று மீனும் அணை மீனும்கூட ஒத்துக்கொள்ளாது. உங்களுக்கு மேட்டூர் மீன் ஒத்துக்கொள்கிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஹிஸ்டமின் நச்சு மேல்தான் சந்தேகம். (ஹிஸ்டமின் என்பது ஒவ்வாமையின்போது நம் உடம்பே வெளியிடும் ரசாயனம்.) சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் (புரதத்தின் ஒரு கூறு) அதிகம். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் வெக்கையில் கிடந்தால் பாக்டீரியா இந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. மீனில் கெட்ட வாடைகூட வராமல் இருக்கலாம். சிலருக்கு நாக்கில் மிளகைக் கடித்த மாதிரி ஒரு சுறுசுறுப்பு தெரியும். நம் குழம்புக் காரத்தில் அதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

ஆக, உங்கள் உடம்பில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அன்றைய மீனுக்கு ஐஸ் போதாமல் போயிருக்க வேண்டும். இது கடிதத்தை வைத்து நான் செய்யும் ஊகம்தான். அன்று தொண்டை அடைப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் ஏதாவது இருந்திருந்தால் நிலைமை வேறு. அப்படியானால் ஒவ்வாமை மருத்துவரிடம் பரிசோதனை செய்து முடிக்கும்வரை கடல் மீனைத் தொட வேண்டாம்.

இப்போது தூத்துக்குடிக்கு வருவோம். நீங்கள் போகும் காலத்தைக் கவனித்தீர்களா? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வள்ளமும் நாட்டுப் படகும் மட்டும் போகும். உள்ளூர் மீன் வரத்து குறையும், விலை ஏறும். ஓட்டல் தட்டில் இருக்கும் பெரிய துண்டு கேரளக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததாகவோ குளிர்பதனக் கிடங்கில் இருந்ததாகவோ இருக்கலாம். அதனாலேயே அது கெட்ட மீன் ஆகிவிடாது. ஒழுங்காக ஐஸில் வந்திருந்தால் நல்ல மீன்தான். கடலோர ஊர், வலையிலிருந்து நேராக இலைக்கு வரும் என்ற நம்பிக்கையில் எதையும் கேட்காமல் உட்கார்ந்துவிடாதீர்கள். அவ்வளவுதான் நான் சொல்ல வருவது. 'இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு? நாட்டுப் படகு மீனா?' என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் 'சீலா இல்லம்மா, விளமீன்தான் இருக்கு' என்று சொல்லிவிடுவார். (நீங்கள் வஞ்சிரம் என்று வாங்குவதை அங்கே சீலா என்பார்கள்.) அட்டையில் உள்ள பத்து மீனும் தடைக்காலத்திலும் இருக்கிறது என்று சொல்லும் கடையில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கமும் அந்தக் கரையில் உண்டு. திங்கள் மதியம் வரும் மீன் எந்த நாள் மீன் என்று கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாலையானால் கடை வாசலில் தட்டு நிறைய மசாலா தடவிய மீனை அடுக்கி வைத்திருப்பார்கள். சிவப்பு மசாலா நிறத்தையும் மறைக்கும், வாடையையும் மறைக்கும். அது எத்தனை மணிக்குத் தடவியது, அடியில் ஐஸ் இருக்கிறதா என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. மசாலா தடவாத மீனைக் காட்டச் சொல்லுங்கள். கண் குழி விழாமல் இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் பள்ளம் நிற்கக் கூடாது. காட்ட மறுத்தால் சாம்பார் சாதம் சொல்லிவிடுங்கள். சூரையும் சாளையும் உங்களுக்குப் பழைய பயத்தைக் கிளப்பும், அவற்றை இந்தப் பயணத்தில் விட்டுவிடலாம். மகளுக்குச் சுறா வேண்டாம். பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேரும், அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. நண்டு, இறால் சாப்பிடலாம், முழுக்க வெந்து சூடாக வர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

மீனுக்கு நல்லது செய்கிற அதே ஐஸ்தான் உங்கள் டம்ளரில் விழுந்தால் தொந்தரவு. துறைமுக ஊரில் ஐஸ் தொழிற்சாலைகள் மீனுக்காகவே இயங்கும். பார் ஐஸ் (நீளக் கட்டி ஐஸ்) சாக்கில் சுற்றி வரும், வண்டியில் உருளும், கோணியோடு தரையில் இறங்கும். அதை உடைத்து ஜூஸிலும் சர்பத்திலும் யாராவது போட்டால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வைகாசி வெயிலில் பேரன் சர்பத் கடையைப் பார்த்ததும் கையை இழுப்பான். 'ஐஸ் வேண்டாம்' என்ற இரண்டு வார்த்தையை அவனுக்கே சொல்லிக் கொடுத்துக் கூட்டிப் போங்கள். அவனுக்கு இளநீர் போதும், கண் முன்னால் வெட்டியது, குழலில்லாமல் காயிலிருந்தே. நுங்கும் கொடுக்கலாம். பதநீர் காலமும் அதுதான், ஆனால் வெயில் ஏறிய பிறகு அது புளிக்கத் தொடங்கும். காலையில் இறக்கியது, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இருப்பது என்று தெரிந்தால் பெரியவர்கள் குடிக்கலாம். மகளுக்கும் மாமியாருக்கும் வேண்டாம். மாமியாருக்கு அதன் இனிப்பு ஆகாது, மகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கெடுபிடிக்காரன்.

ஏன் அவ்வளவு கெடுபிடி? ஹெபடைடிஸ் ஈ (அசுத்தத் தண்ணீர் வழியே பரவும் மஞ்சள் காமாலை) என்று ஒன்று இருக்கிறது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் படுத்தி எடுத்துவிட்டுப் போய்விடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் மட்டும் தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். அது வெளிப்பட வாரக்கணக்கில் ஆகும் என்பதால் எந்தத் தண்ணீரில் வந்தது என்றுகூடத் தெரியாது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மகள் குடிக்கும் தண்ணீர் விஷயத்தில் கூச்சம் பார்க்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். லாட்ஜிலேயே தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து பிளாஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மூடி உடையாத பாட்டில் வாங்குங்கள். ஓட்டலில் 'வெந்நீர்' கேட்டால் பல இடங்களில் கொதித்த நீரில் பாதி குழாய்த் தண்ணீரைக் கலந்து, குடிக்கிற பதத்துக்கு ஆக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். அன்போடுதான் செய்கிறார்கள், ஆனால் கொதிக்கவைத்த பலன் அதோடு போய்விட்டது. ஆவி பறக்க வந்தால் ஆறவைத்துக் குடியுங்கள், வெதுவெதுப்பாக வந்தால் கை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பரோட்டா. தூத்துக்குடிக்காரர்கள் சாயங்காலப் பரோட்டாக் கடையை 'நைட் கிளப்' என்பார்கள், பெயரைக் கேட்டு மாமியார் பதற வேண்டாம். மருத்துவனாக எனக்கு அந்தக் கடைகள் மேல் ஒரு மரியாதை உண்டு. பரோட்டா கண் முன்னால் கல்லில் வேகிறது, பொரிச்ச பரோட்டா என்றால் கொதிக்கும் எண்ணெயிலிருந்து வருகிறது. சால்னா அடுப்பிலேயே தளதளத்துக்கொண்டிருந்தால் கிருமி தங்க இடமில்லை. கவனிக்க வேண்டியது ஓரத்தில் இருப்பவற்றை: அரிந்து வைத்த வெங்காயம், ஆறிப்போன குருமா, மதியமே அரைத்த தேங்காய்ச் சட்னி. சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. அதற்குக் கீழே மணிக்கணக்கில் நின்றால் கிருமிகள் பெருகும். சட்னியை விட்டுவிட்டுச் சால்னாவை ஊற்றிச் சாப்பிடச் சொல்லுங்கள்.

பிரியாணி கதை வேறு. பெரிய அண்டாவில் நடுச்சோறு மெதுவாகத்தான் ஆறும். மதியம் தம் உடைத்த பிரியாணி ராத்திரி ஒன்பது மணிக்கும் அடுப்பில்லாமல் அண்டாவிலேயே இருந்தால் பேசில்லஸ் சீரியஸ் (அரிசியில் இருக்கும், கொதித்தாலும் சாகாத விதைமூட்டை உண்டாக்கும் பாக்டீரியா) அதில் நச்சை உண்டாக்கிவிடும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. பிரியாணியை மதியமே முடித்துக்கொள்ளுங்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை போட்டது, காரணம் சால்மோனெல்லா (முட்டை, கோழி வழியே வரும் கிருமி) போன்றவைதான். முட்டை மாவட்டத்துக்காரரான உங்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

உங்கள் கணவரின் ஏ.சி. ஓட்டல் யோசனைக்கு என் பதில்: ஏ.சி.க்கும் அடுப்படிக்கும் சம்பந்தம் இல்லை. ஆளில்லாத பெரிய ஓட்டலில் நேற்றைய கிரேவி குளிர்பெட்டியிலிருந்து வரும். கூட்டம் மொய்க்கும் சின்ன மெஸ்ஸில் அண்டா அண்டாவாகக் காலியாகிக்கொண்டிருக்கும், பழசு தங்காது. நான் வெளியூரில் ஓட்டலைத் தேடினால் 'நல்ல ஓட்டல் எது?' என்று கேட்க மாட்டேன், பெரிய பெயர்ப் பலகையைத்தான் காட்டுவார்கள். லாட்ஜ்காரரிடமும் மருந்துக்கடைத் தம்பியிடமும் 'நீங்க எங்கே சாப்பிடுவீங்க?' என்று கேட்பேன். உள்ளே போனதும் கை கழுவும் இடத்தைப் பார்ப்பேன். சோப்பு இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்பதைப் பார்த்தால் உள்ளே சமைப்பவர் கை கழுவுகிறாரா என்று ஓரளவு தெரிந்துவிடும். உணவுப் பாதுகாப்பு உரிம எண் (14 இலக்கம்) சுவரில் தொங்க வேண்டும் என்பது சட்டம். அதையும் ஒரு கண் பாருங்கள், ஆனால் சோப்புக்குத்தான் என் ஓட்டு.

நல்ல ஓட்டல் தேடி அலைவதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. மாமியார் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். எந்த ஓட்டல் என்று முடிவு செய்து, போய் உட்கார்ந்த பிறகே மருந்து. கைப்பையில் நாலு பிஸ்கட்டும் கொஞ்சம் சர்க்கரையும் எப்போதும் இருக்கட்டும். ஊருக்கு வாங்கிவர மக்ரூன் நல்லது. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி சேர்த்து உலர்ந்துபோகும்படி சுட்டது என்பதால் எளிதில் கெடாது. மாமியார் கண்ணில் மட்டும் படாமல் வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் யாருக்காவது வாந்தி பேதி வந்தால் கலங்காதீர்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசல் (உப்புச் சர்க்கரை நீர்), உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று எழுதிய பொட்டலம். ஓ.ஆர்.எஸ். போலத் தோன்றும் இனிப்புப் பான டப்பா வேண்டாம். பேரனுக்கு ஒவ்வொரு பேதிக்கும் பிறகு 100 முதல் 200 மில்லி வரை, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி அவனுக்குக் கொடுக்கவே கூடாது. மலத்தில் ரத்தம், காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, பிள்ளை துவண்டு கிடக்கிறான் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், வண்டி கிடைக்காவிட்டால் 108. மாமியாருக்கு வாந்தி வந்தால் சர்க்கரை மாத்திரையைத் தொடரலாமா என்று அவருடைய மருத்துவரிடம் போனிலாவது கேளுங்கள். மகளுக்கோ இவற்றில் எதற்கும் காத்திருக்க வேண்டாம், இரண்டு தடவை வாந்தி எடுத்தாலே காட்டிவிடுங்கள்.

மகளின் மகப்பேறு மருத்துவரிடம் பயணத்துக்குச் சம்மதம் வாங்கிவிட்டு டிக்கெட் எடுங்கள். பிக்மி எண் (கர்ப்பிணிப் பதிவு எண்) எழுதிய அவளுடைய அட்டையும் ஸ்கேன் காகிதங்களும் பெட்டியில் வேண்டாம், உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.