கண்ணோய் பார்வையால் பரவுவதில்லை, கையால் பரவுகிறது

கண்ணோய் கண்டவரை ஏறிட்டுப் பார்த்தால் நமக்கும் அந்நோய் ஒட்டிக்கொள்ளும் என்னும் நம்பிக்கை நம் மக்களிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. நோயாளியின் முகத்தைப் பார்க்க அஞ்சுவோர், அவர் முகம் துடைத்த துண்டால் தாமும் துடைத்துக்கொள்ள அஞ்சுவதில்லை. அச்சம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இருக்க வேண்டாத இடத்தில் இருக்கிறது. கண்ணோய் உண்மையில் எவ்வழியாகப் பரவுகிறது என்பதை அறிவியல் கண்டறிந்த வரலாற்றை இங்குக் காண்போம்.

கப்பல் பட்டறைக் கண்

1941, 1942ஆம் ஆண்டுகளில் ஹவாய்த் தீவுகளின் பேர்ல் ஹார்பர் கப்பல் பட்டறைத் தொழிலாளரிடையே கடுமையான கண்ணோய் ஒன்று தோன்றியது. விரைவில் அது அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ வட்டாரப் பட்டறைகளுக்கும் பரவியது. கண் சிவந்தது, இமை வீங்கியது, நீர் வழிந்தது, காதின் முன்புறம் நெறி கட்டியது. சிவப்பு தணிந்த பின்னரும் கருவிழியில் சிறு புள்ளிகள் தோன்றிப் பலருக்கு மாதக்கணக்கில் பார்வையை மங்கச் செய்தன. மக்கள் இதற்குக் 'கப்பல் பட்டறைக் கண்' என்றே பெயரிட்டனர்.

இந்நோய் தொழிலாளரிடையே இத்துணை விரைவாகப் பரவியது ஏன்? இரும்பு வேலையில் தெறிக்கும் துகள் கண்ணில் விழுவது அங்கு அன்றாட நிகழ்ச்சி. துகளை எடுக்கத் தொழிலாளர் பட்டறை மருந்தகத்துக்குச் செல்வர். அங்கே அதே விரல்களும் அதே கருவிகளும் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குச் சென்றன. துகளைக் கொடுத்துவிட்டு வரச் சென்றவர் நோயை வாங்கிக்கொண்டு திரும்பினார்!

கிருமி அகப்பட்டது

நோய்க்குக் காரணமான கிருமி எது என்பது அப்போது விளங்கவில்லை. 1953ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களான வாலஸ் ரோவ், ராபர்ட் ஹியூப்னர் ஆகியோரும் அவர்தம் குழுவினரும், சிறுவர்களின் மூக்கின் பின்புறத்திலிருந்து அறுவை செய்து எடுக்கப்பட்ட 'அடினாய்டு' என்னும் சதையைக் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்து ஆராய்ந்தனர். சில வாரங்களில் அச்சதையின் உயிரணுக்கள் தாமாகவே அழியத் தொடங்கின. அவற்றுள் ஒரு வைரஸ் மறைந்திருந்ததே காரணம். 1954இல் மோரிஸ் ஹில்மனும் ஜாக்குலின் வெர்னரும் காய்ச்சலுற்ற படைவீரரிடம் இவ்வகை வைரஸைத் தனியே கண்டனர். அடினாய்டில் முதலில் அகப்பட்டதால், 1956இல் இதற்கு 'அடினோ வைரஸ்' என்னும் பெயர் வழங்கலாயிற்று.

இதற்கிடையே, 1955இல் கலிஃபோர்னியாவில் எர்னஸ்ட் ஜாவெட்ஸ் குழுவினர், கப்பல் பட்டறைக் கண்ணோயை உண்டாக்குவது அடினோ வைரஸின் 8ஆம் வகை எனக் காட்டினர். இன்று இவ்வைரஸில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. சில வகைகள் சளியும் காய்ச்சலும் தொண்டை வலியும் தருகின்றன. 40, 41ஆம் வகைகள் சிறு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்குகின்றன.

நமக்கு இதில் என்ன பாடம்?

விடியுமுன் தலைவிளக்கின் ஒளியில் பால் வெட்டும் தொழிலாளிக்குக் கண்ணே முதல். கத்தி சற்று ஆழமாக இறங்கினாலும் மரம் காயப்படும், பட்டை கெடும். மாதக்கணக்கில் பார்வை மங்கினால் தொழிலும் வருவாயும் என்னாவது? ஆகவே பின்வருவனவற்றை மனத்தில் கொள்வோம்.

அடினோ வைரஸுக்குக் கொழுப்பாலான மேலுறை இல்லை. ஆதலால் அது எளிதில் அழிவதில்லை. உலர்ந்த பொருள்களின்மீது பல நாள்கள், சில வேளைகளில் வாரக்கணக்கில்கூட உயிர்ப்புடன் இருக்கும். கைக்குத் தடவும் சாராயக் கரைசலை மட்டும் நம்பாமல், ஓடும் நீரில் சவர்க்காரம் இட்டு நன்கு தேய்த்துக் கழுவுதலே சிறந்தது.

கண்ணோய் கண்டவருக்குத் துண்டு, தலையணை உறை, கண்மருந்துப் புட்டி ஆகியவற்றைத் தனியே ஒதுக்க வேண்டும். ஒருவர் பயன்படுத்திய மருந்தை மற்றவர் கண்ணில் விடலாகாது. ஆயாக்கொட்டகையில் ஒரு பிள்ளையின் முகத்தைத் துடைத்த துணியால் மறு பிள்ளையைத் துடைப்பது, கப்பல் பட்டறை மருந்தகத்தில் நிகழ்ந்ததை இங்கும் நிகழ்த்துவதாகும்.

இந்நோயைத் தீர்க்கும் தனி மருந்து இல்லை; பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்துகளும் வைரஸை அழிப்பதில்லை. பெரும்பாலோர்க்கு இரண்டு மூன்று வாரங்களில் தானாகவே தணியும். எனினும் தாய்ப்பால், பச்சிலைச் சாறு முதலியவற்றைக் கண்ணில் விடுதல் கூடாது. கடும் வலி, ஒளியைக் காணக் கூசுதல், பார்வை மங்கல் ஆகியவை தோன்றினால் தாமதியாது மருத்துவரை நாட வேண்டும். அவர் விடுப்பு எழுதிக்கொடுத்தால் அதனை மறுக்காமல் ஏற்பது, உடன் உழைப்போர் அனைவர்க்கும் செய்யும் உதவி.

கண்ணோய் கண்ட அண்டை வீட்டாரை முகம் நோக்கி நலம் விசாரிப்போம், அதனால் தீங்கில்லை. அவருடைய துண்டைத் தொடாதிருப்போம். தொட்டால், கண்ணருகே கொண்டுபோகுமுன் கையைக் கழுவுவோம்.