காலடித் திசையை வணங்கிய எஞ்சினீயர்



சிகாலோவாத சுத்தத்தை நாம் பலமுறை படித்திருக்கிறோம். இராஜகிருகத்தில் விடியற்காலையில் ஈரத் துணியோடும் ஈரத் தலையோடும் ஆறு திசைகளையும் கும்பிட்டு நின்ற சிகாலன் என்னும் இளைஞனைப் பகவான் புத்தர் கண்டு, திசை வணக்கத்தின் மெய்ப்பொருளை அவனுக்கு விளக்கியருளினார். கிழக்கு தாய் தந்தையர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், மேல் திசை துறவியர், கீழே, நம் காலடியில் உள்ள திசை, நம்மிடம் வேலை செய்வோர். தமிழில் கீழ்த்திசை என்றாற் கிழக்கையே கொள்வர். ஆகையால் இதனைக் காலடித் திசை என்றே குறிப்பேன்.

முதல் ஐந்து திசைகளைப் பற்றி நம்மவர் நன்றாகவே பேசுகிறார்கள். ஆறாவது வந்ததும், “நமக்குக் கீழே யார் இருக்கிறார்கள்? நாமே பிறர் காலடியில் கிடந்தவர்கள்தானே” என்று ஏட்டை மூடிவிடுகிறார்கள். இது பிழை. நேற்றைய சித்தாள் இன்று மேஸ்திரி. நம் பிள்ளைகள் எஞ்சினீயர் பட்டம் பெற்று, நூறு பேரை வேலை வாங்கும் இடத்தில் அமர்கின்றனர். அவர்களுக்காகவே இம்முறை ஜப்பானிய எஞ்சினீயர் ஒருவரின் வாழ்க்கையைப் பாடமாக எடுத்துக்கொண்டேன்.

அவர் பெயர் ஹத்தா யோயிச்சி. ஜப்பானில் கனஸவா நகரையடுத்த உழவர் குடும்பமொன்றில் 1886ஆம் ஆண்டு பிறந்தவர். அந்நாட்டுப் பகுதிக்குக் காகா என்பது பழம்பெயர். ஷின்ரான் என்னும் பௌத்த ஆசிரியரின் நெறி அங்குப் பல நூற்றாண்டுகளாய் வேரூன்றியிருந்தது. ஷின்ரான் மணம்புரிந்து, மக்களைப் பெற்று, உழவரிடையே வாழ்ந்தவர். தமக்குச் சீடரென்று எவரும் இலர், உடன் நடப்போரே உளர் என்று கொண்டவர். அப்படிப்பட்ட மண்ணிற் பிறந்த ஹத்தா, 1910இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்திற் கட்டடப் பொறியியல் கற்றுத் தேறி, அந்நாளில் ஜப்பானிய ஆட்சிக்குட்பட்டிருந்த தைவான் தீவுக்கு வேலைக்குச் சென்றார்.

தைவானின் தென்மேற்கே சியானான் சமவெளி பரந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் வெள்ளம், மற்றக் காலத்தில் வறட்சி, கடலோரத்தில் உப்பு ஆகிய மூன்றும் அங்குள்ள உழவரை வாட்டின. ஊஷாந்தௌ என்னுமிடத்தில் அணை கட்டி, மலையைக் குடைந்து ஆற்று நீரைக் கொணர்ந்து நிரப்ப ஹத்தா திட்டமிட்டார். 1920இற் பணி தொடங்கி 1930இல் முடிந்தது. அணையின் நீளம் 1,273 மீட்டர். உயரம் 56 மீட்டர். இருபுறமும் கல்லும் மண்ணும் கொட்டி, அதன்மேல் நீரைப் பீய்ச்சியடித்தார்கள். நுண்ணிய களிமண் கரைந்து ஓடி நடுவே படிந்து இறுகியது. நீர் கசியாத சுவர் அணையின் வயிற்றுக்குள்ளேயே உருவாயிற்று. வாய்க்கால்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர்.

இவ்வளவு செய்தும் தண்ணீர் எல்லா நிலத்திற்கும் போதவில்லை. 1,50,000 ஹெக்டேரில் ஒரு பகுதிக்கு மட்டும் ஆண்டுதோறும் நிறையத் தண்ணீர் விட்டிருக்கலாம். அப்படியானால் வாய்க்கால் தலைப்பில் உள்ளவன் செழிப்பான், கடைமடையில் உள்ளவன் கைகட்டி நிற்பான். அவ்வாறு செய்யாமல், நிலத்தை மூன்று பங்காக்கி, ஓராண்டு நெல், ஓராண்டு கரும்பு, ஓராண்டு புன்செய்ப்பயிர் என்று முறைவைத்துத் தண்ணீர் பங்கிட்டார்கள். ஊர்க் கிணற்றில் நீர் மொள்ள முறை கிடைக்காத பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் நாம். இம்முறைப்பாட்டின் அருமையை நமக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

காலடித் திசைக்குத் தலைவன் செய்யவேண்டியவை ஐந்து என்கிறது சுத்தம். வலிமைக்கேற்ற வேலை, உணவும் ஊதியமும், நோயிற் பேணல், நல்ல உணவைப் பகிர்தல், காலத்தில் ஓய்வு. ஹத்தா ஊஷாந்தௌவிற் குடும்பத்தோடு தங்குவதற்கேற்ற வீடுகளையும், பள்ளிக்கூடத்தையும், மருத்துவமனையையும் அமைத்தார். குடும்பம் அருகில் இருந்தால்தான் தொழிலாளி மனம் ஊன்றி வேலை செய்வான் என்பது அவர் கருத்து. தாமும் மனைவி தொயோகியோடும் பிள்ளைகளோடும் அங்கேயே குடியிருந்தார். 1922இல் மலைச் சுரங்கத்தில் எரிவாயு தீப்பற்றி ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பணி முடிந்தபின் இறந்தோருக்காக எழுப்பிய நினைவுக்கல்லில் 134 பெயர்கள் உள்ளன. ஆண்டவர் ஜப்பானியர், ஆளப்பட்டவர் தைவானியர். ஆயினும் பெயர்கள் இனம் பிரித்து எழுதப்படவில்லை. யார் முன்னே இறந்தாரோ அவர் பெயர் முன்னே நிற்கிறது. நோயில் மாண்ட குடும்பத்தாரின் பெயர்களும் அதில் உண்டு.

இனி, இப்பாடத்தின் மையத்துக்கு வருகிறேன். 1923இல் ஜப்பானிற் பெரிய நிலநடுக்கம் நேர்ந்து, அணைக்கு வரவேண்டிய பணம் குறைந்தது. ஏறக்குறையப் பாதித் தொழிலாளரை நீக்கவேண்டியதாயிற்று. ஹத்தா திறமை மிக்கவர்களை முதலில் நீக்கினார் என்று சொல்லப்பட்டு வருகிறது. திறமையுள்ளவனுக்கு வேறிடத்தில் வேலை கிடைக்கும். திறமை குறைந்தவனை நீக்கினால் அவன் குடும்பம் பட்டினி கிடக்கும் என்பதே காரணம். நீக்கியவர்களுக்கு வேறு வேலையும் தேடிக்கொடுத்து, பணம் வந்ததும் மீண்டும் அழைத்துக்கொண்டாராம்.

இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. நான் நூற்பாலையில் இருந்த காலத்தில் ஆட்குறைப்பு வந்தது. பதிலி ஆட்கள், நெஞ்சில் பஞ்சுத்தூசி சேர்ந்து இருமுகிறவர்கள், கண் மங்கியவர்கள் ஆகியோரே முதலில் வெளியே போனார்கள். என் பக்கத்து மெஷினில் நின்றவர், எனக்கு நூல் முடியக் கற்றுக்கொடுத்தவர், அந்தப் பட்டியலில் இருந்தார். என் பெயர் இல்லை. அன்று நான் மகிழ்ந்தேன். வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிப் போனேன். நிர்வாகம் செய்தது நியாயமா என்று ஒரு கணமும் நான் எண்ணவில்லை. வலியவன் தங்குவதும் மெலியவன் போவதும் இயற்கை என்றே கருதினேன். ஆலைக்கு அது கணக்கு. எனக்கு அன்று தம்மம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பக்கத்தில் நிற்பவனின் முகத்தைப் பார்க்கத் தம்மம் தெரிந்திருக்க வேண்டுமா என்ன?

ஹத்தாவை மாசற்றவராக்க நான் விரும்பவில்லை. அந்தக் கரும்பும் நெல்லும் ஜப்பானின் தேவைக்கும் பயன்பட்டன. அவர் ஊழியம் செய்தது ஓர் ஆதிக்க அரசுக்கு. 1942இல் போர்க்காலப் பணியாகப் பிலிப்பைன் தீவுகளுக்குப் பருத்திப் பாசன ஆராய்ச்சிக்காகப் புறப்பட்டார். மே 8ஆம் நாள் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி அவர் ஏறியிருந்த தாயோ மாரு மூழ்கியது, அவரும் மாண்டார். மூன்றாண்டு கழித்து, 1945 செப்டம்பர் முதல் நாள், தொயோகி அம்மையார் அணையின் மதகு நீரிற் குதித்து உயிர் துறந்தார். அவர்கள் பெற்ற பிள்ளைகள் எட்டுப் பேர். அம்மையாரின் முடிவைக் கற்பு என்றும் தியாகம் என்றும் புகழ்வோர் உளர், நான் புகழேன். முதற் சீலம் நம்முடைய உயிருக்கும் பொருந்தும். துயரத்தில் இருந்த அந்தத் தாயின் அருகே அமர ஒருவர் இருந்திருக்கலாகாதா என்றே மனம் கேட்கிறது. நம் சங்கத்திற் கணவரை இழந்த உபாசிகைகளின் வீடுகளுக்கு முறைவைத்துச் செல்லவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேதான்.

ஊஷாந்தௌவில் ஹத்தாவின் சிலை ஒன்று உண்டு. 1931இல் நிறுவியது. பெரிய மனிதர்களின் சிலைபோல் நிமிர்ந்து நிற்பதன்று. வேலை உடையோடு தரையில் அமர்ந்து, முழங்காலில் கையூன்றி, அணையைப் பார்த்துச் சிந்திக்கும் உருவம். போர்க்காலத்தில் உலோகத்துக்காக உருக்கிவிடாமலும், பின்வந்த ஆட்சியில் அழிந்துபோகாமலும் அவ்வூரார் அதனை மறைத்துக் காத்து, 1981இல் மீண்டும் வைத்தார்கள். 2017 ஏப்பிரலில் யாரோ அதன் தலையை அறுத்துச் சென்றனர். மே 8ஆம் நாளுக்குள் புதுத் தலை பொருத்தி, வழக்கம்போல் நினைவு வணக்கம் செய்தார்கள்.

அடுத்த வகுப்புக்கு வருவோர் சுத்தத்தின் காலடித் திசைப் பகுதியைப் பொருளோடு படித்து வருக. கூடவே ஒரு கேள்வி: உங்களிடம் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள், ஐவருக்குத்தான் கூலி இருக்கிறது. யாரை நிறுத்துவீர்கள், நிறுத்தியவர் வீட்டுக்கு மறுநாள் போவீர்களா? எழுதத் தெரியாதவர் வாயாற் சொல்லலாம்.