பாவம் யாரு, மருமகனே?

அன்பு மருமகனுக்கு, அத்தை எழுதுவது.

ஜான் ஃபவுல்ஸின் 'தி கலெக்டர்' நாவலைப் படித்து முடித்ததாகவும், அந்த கிளெக்கை நினைத்தால் பாவமாக இருக்கிறதென்றும் எழுதியிருந்தாய். ராத்திரி கண்முழித்துப் படித்திருப்பாய், சாப்பிட்டாயோ என்னவோ. உன் இளகிய மனசு எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வரி என்னைப் போட்டு உறுத்துகிறது.

பட்டாம்பூச்சி பிடித்துக் குத்திவைக்கிற குமாஸ்தா அவன். பந்தயத்தில் பணம் விழுந்ததும் தனி வீடு வாங்கி, ஓவியம் படிக்கிற மிராண்டாவைத் தூக்கிவந்து நிலவறையில் பூட்டுகிறான். ஓவியப் புத்தகம், உடுப்பு என்று கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தானே என்கிறாய். அவள் கேட்டது வீட்டுக்குப் போக அல்லவா? சளி நிமோனியாவாக முற்றியும் கடைசிவரை மருத்துவர் வரவில்லை. அவள் செத்த பிறகு அவன் கண் இன்னொரு பெண்மேல் போகிறதே, அதைக் கவனித்தாயா?

முதல் பாதி முழுக்க அவன் வாயால் கேட்கிறோம். அவ்வளவு பணிவாகப் பேசுகிறான், நாமும் தலையாட்டிக்கொண்டே போகிறோம். 1963-லேயே ஃபவுல்ஸ் நமக்கு வைத்த பொறி அது. அடுத்து அவள் டைரி வருகிறது. அதை நீ வேகமாகப் புரட்டியிருப்பாய். முடிவு தெரியாவிட்டால் தூக்கம் வராத பிள்ளை ஆச்சே நீ!

நம்மூர்க் கதைகளும் இப்படித்தான், தூக்கிப்போகிறவன் பக்கமே நம்மைச் சாய்த்துவிடும். ராஜேந்திரகுமாரின் நாவலை வைத்து 1980-ல் பாலு மகேந்திரா எடுத்த 'மூடுபனி'யில் பெண்ணைக் கடத்துகிற சந்துருவின் சின்ன வயசுத் துக்கம்தான் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. 1991-ல் வந்த 'குணா'வில், தூக்கிக்கொண்டு போகப்பட்ட பெண்ணே மனசு மாறிவிடுகிறாள். நமக்கும் ஆறுதலாகிவிடுகிறது. எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். ஆனால் அந்த ஆறுதலைக் கொடுக்காத ஃபவுல்ஸ்தான் நேர்மையானவர் என்பேன்.

மிராண்டா கேட்டதை அவன் காதில் வாங்காததை நினைத்தால், நம்ம தூத்துக்குடி முத்துக்குளிதான் எனக்கு ஞாபகம் வருகிறது. இங்கே 1961-ல்தான் அது கடைசியாக நடந்தது. காலடியில் கல்லோடு இறங்கினவனின் உயிர், தோணியில் கயிறு பிடித்தவன் கையில் இருந்தது. கடலுக்கடியில் அவனால் வாய் திறந்து பேச முடியாது. கயிறு அசைந்ததும் இழுத்தாக வேண்டியிருந்தது. 'இன்னும் நாலு சிப்பி எடுக்கட்டுமே' என்று மேலே இருந்தவன் நினைக்க முடியாது. ஒரு பெண் சொல்கிற 'வேண்டாம்' அந்த அசைவு மாதிரிதான், ராசா. ஏன் எதற்கு என்று கேட்பதெல்லாம் பிறகு.

நீ யாரையும் பூட்டிவைக்கப் போவதில்லை. ஆனால் தங்கச்சி போனை விளையாட்டாகப் பிடுங்குவாய், அவள் கத்தினால் சிரிப்பாய். ஒரு தோழி போனை எடுக்கவில்லையென்றால், எடுக்கும்வரை போன் போட்டுக்கொண்டே இருப்பாய். 'அன்பாலதானே அத்தை' என்பாய். கிளெக்கும் அதைத்தான் சொன்னான். தங்கச்சி போனைத் திருப்பிக் கொடுத்துப் பழகு. தோழிக்கு ஒரு தடவை போன் போட்டுவிட்டுச் சும்மா இருந்து பார். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வரும்போது, அவள் உன்னிடம் பயமில்லாமல் மறுத்துப் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்குத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா, அவளுக்கு வர இஷ்டமா என்று கேட்டுவிட்டு. அதற்குள் டைரிப் பகுதியை மட்டும் மறுபடி நிதானமாகப் படி. மக்ரூன் வாங்கிவைக்கிறேன், போன தடவை மாதிரி டப்பாவோடு காலி பண்ணாதே.

அன்புடன்,
அத்தை