புள்ளிகளும் பிள்ளைகளும்

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில் நம் ஆலயங்களில் மெழுகுதிரிகள் அதிகமாய் எரிகின்றன. நேர்த்திகள் வைக்கப்படுகின்றன, பூசைகள் ஒப்புக்கொடுக்கப்படுகின்றன. விசுவாசமுள்ள பெற்றோர் செய்யும் நற்காரியம் இது. ஆனால் பெறுபேறு வெளியாகும் நாளில், வெட்டுப்புள்ளிக்கு இரண்டொரு புள்ளி குறைந்துபோன பிள்ளையின் வீட்டில் நடப்பதென்ன? பத்து வயதுப் பாலகன் பாவஞ்செய்தவனைப் போலக் கதவோரம் நிற்கிறான். அயல்வீட்டுப் பிள்ளை பெற்ற புள்ளி அவன் காதில் விழும்படி உரத்துப் பேசப்படுகிறது. அந்த நாளை மனதிற் கொண்டே இவ்வாரக் குடும்பப் பாடத்தை எழுதுகிறோம்.

பெற்றோரின் பயம் நியாயமற்றது என்று நாம் சொல்லவில்லை. 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி வந்த நாள் முதல், இந்நாட்டில் ஏழையின் பிள்ளை தலைநிமிரக் கல்வியே ஏணியாக இருந்து வருகிறது. 2009இல் முடிந்த யுத்தத்தின் நீண்ட ஆண்டுகளில் வீடு வாசலை விட்டு ஓடிய நம்மவர், பிள்ளையின் புத்தகப் பையை விட்டுவிடவில்லை. வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணமும் பெரிய பாடசாலையில் இடமும் கிடைக்கச் செய்வதே இப்பரீட்சையின் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆயினும் இரண்டு வினாத்தாள்களும் இருநூறு புள்ளிகளும் ஒரு பிள்ளையின் பெறுமதியை அளக்கும் தராசு ஆகமாட்டா.

முதல் ஆசிரியர் யார்?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒக்டோபர் 28இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று போதித்தது. பாப்பரசர் 2ம் அருளப்பர் சின்னப்பர், குடும்பத்தைப் பற்றி 1981இல் விடுத்த ஊக்கவுரையில், இக்கடமையை முழுவதுமாக வேறொருவர் கையில் ஒப்படைக்க முடியாது என்று மேலும் தெளிவாக்கினார். பாடசாலையும் ரியூசன் வகுப்பும் நமக்கு உதவியாளர்களேயன்றி, நமது இடத்தை எடுப்பவர்கள் அல்லர்.

“சுவாமி, நாங்கள் படிக்காதவர்கள், எங்களுக்கு என்ன தெரியும்?” என்று சிலர் கேட்கக்கூடும். புனித தொன் பொஸ்கோவின் தாயார் மார்கரீத்தாவைப் பாருங்கள். 1817இல் கணவர் இறந்தபோது மகனுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. எழுத வாசிக்கத் தெரியாத அந்த விதவை, மனப்பாடமாக அறிந்த செபங்களையும் ஞானோபதேசத்தையும் தாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆயிரக்கணக்கான இளைஞருக்கு ஆசானாக விளங்கியவருக்கு முதல் ஆசிரியை அவரே. இன்று தகப்பன் தொழிலுக்காக வெளிநாட்டிலோ கடலிலோ இருக்க, தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாய்மாரும் அம்மம்மாமாரும் இதை எண்ணித் திடங்கொள்வார்களாக.

நாசரேத்தூரின் நான்கு வளர்ச்சிகள்

லூக்காஸ் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பன்னிரண்டு வயதில் காணாமற்போன இயேசுவைப் பெற்றோர் மூன்றாம் நாள் தேவாலயத்திற் கண்டார்கள். தாயார் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். தங்கள் வேதனையையும் மறைக்காமற் சொன்னார். வந்த மறுமொழி விளங்காதபோதும் அதைத் தம் இதயத்தில் வைத்துச் சிந்தித்தார். பிறகு நாசரேத்தூரிலே பாலன் அறிவிலும் உடலிலும் கடவுள் முன்பும் மனிதர் முன்பும் வளர்ந்தார் என்று நற்செய்தியாளர் முடிக்கிறார். வளர்ச்சிகள் நான்கு. நாமோ முதலாவதை மட்டும் அளக்கிறோம், அதிலும் பாதியைத்தான்.

1. அறிவில்: தேவாலயத்தில் இயேசு போதகர்களுக்குச் செவிகொடுத்தார், கேள்விகளும் கேட்டார். ஆகவே பாடசாலை விட்டு வரும் பிள்ளையிடம் “எத்தனை புள்ளி?” என்று தொடங்காமல், “இன்றைக்கு ரீச்சரிடம் என்ன கேட்டாய்?” என்று கேட்டுப் பாருங்கள். படிப்பதற்கு ஓர் இடமும் குறித்த நேரமும் இருக்கட்டும். அந்நேரத்தில் தொலைக்காட்சியும், பெரியவர்களின் கைத்தொலைபேசியும்கூட, ஓய்ந்திருக்கட்டும். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை விட, கொப்பியை மூடிவைத்து நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதே நன்றாக மனதில் நிற்கும். ஒரே இரவில் மூன்று மணித்தியாலம் படிப்பதை விட, பல நாட்களுக்குப் பிரித்து அரைமணியாகப் படிப்பது நிலைக்கும். சொல்வதைக் கேட்டிருக்கப் பெற்றோருக்குப் பட்டம் தேவையில்லை, பொறுமை போதும்.

2. உடலில்: ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஒன்பது மணித்தியாலமாவது நித்திரை வேண்டும் என்பது வைத்தியர்களின் முடிவு. இரவு பத்து மணிக்குப் படுத்து விடியப்புறம் நாலரைக்கு எழுப்பப்படும் பிள்ளைக்குக் கிடைப்பது ஆறரை மணித்தியாலம். அந்தக் குறை வகுப்பில் மறதியாகவும் எரிச்சலாகவும் வெளிப்படும். வெறும் தேநீரோடு பாடசாலைக்கு அனுப்பாமல், காலையில் கொஞ்சம் புட்டோ பாணோ கொடுத்து அனுப்புங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதிற் பிழைவிடும் பிள்ளையை ஏசுமுன் கண்ணைப் பரிசோதியுங்கள்.

3. கடவுள் முன்பு: ஞாயிறு காலையில் ரியூசனுக்குப் போவதற்காகப் பூசையையும் மறைக்கல்வியையும் விடச் சொல்லும் பெற்றோர் உண்டு. அவர்கள் பிள்ளைக்குச் சொல்லாமற் சொல்லிக் கொடுப்பது என்ன? பரீட்சை பெரியது, கடவுள் சிறியவர் என்பதே. செபமும் புள்ளிக்காகச் செய்யும் வியாபாரமல்ல. சித்தியடைந்தால் நன்றிப் பூசை, தவறினால் கடவுள் கைவிட்டார் என்றால், பிள்ளையின் விசுவாசமும் வெட்டுப்புள்ளியோடு விழுந்துவிடும்.

4. மனிதர் முன்பு: விளையாட்டு, கிணற்றடி வேலை, தம்பி தங்கையைப் பார்த்தல், அயலாருக்கு உதவுதல் ஆகியவையும் கல்வியே. அக்காவின் புள்ளியோடு தம்பியின் புள்ளியை ஒப்பிடாதீர்கள். ஒப்பிடுவதால் அறிவு வளராது, பகைதான் வளரும். பிள்ளைகளைச் சினமூட்டி மனந்தளரச் செய்யவேண்டாம் என்று புனித சின்னப்பர் கொலோசேயருக்கு எழுதும் திருமுகத்தில் தந்தையரை எச்சரிக்கிறார். நாம் பிள்ளையை நேசிப்பது மட்டும் போதாது, தான் நேசிக்கப்படுவதைப் பிள்ளை உணரவும் வேண்டும் என்பது தொன் பொஸ்கோ 1884இல் உரோமையிலிருந்து எழுதிய கடிதத்தின் சாரம். பிரம்பைக் காட்டி இதை உணர்த்த முடியாது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

பாடசாலை நாட்களில் மட்டும் வரும் வயிற்றுவலி, சாப்பாட்டில் வெறுப்பு, இரவில் திடுக்கிட்டு விழித்தல், திடீரென வந்த மௌனம் ஆகியவற்றைப் பாசாங்கு என்று தள்ளிவிடாதீர்கள். பிள்ளையோடு தனியே இருந்து பேசுங்கள், வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள், தேவையானால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். வயதுக்கேற்ற உழைப்பிருந்தும் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படும் பிள்ளை சோம்பேறியென்று சொல்வது அநியாயம். அப்பிள்ளைக்கு வேண்டியது வேறுவிதமான உதவி.

குருமடத்தில் இலத்தீன் படிக்க மிகவும் கஷ்டப்பட்டு, பரீட்சையிலும் தவறிய ஒருவர் 1815இல் குருவானார். அவர்தான் ஆர்ஸ் பங்கின் புனித யோவான் மரிய வியான்னி. 1929இல் திருச்சபை அவரைப் பங்குக் குருக்களின் பாதுகாவலராக்கியது. இதைக் காட்டிப் பிள்ளையைப் படிக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. முயற்சி அவனுடையது, முடிவு எதுவாயினும் அவன் நம் பிள்ளை என்பதில் மாற்றமில்லை. பெறுபேறு வரும் நாளுக்கு முன்பே அவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

குடும்பமாகக் கலந்துரையாட

கடந்த வாரத்தில் நம் பிள்ளையோடு படிப்பைத் தவிர வேறெதைப் பற்றிப் பேசினோம்?

நம் வீட்டில் பிள்ளை எத்தனை மணித்தியாலம் நித்திரை கொள்கிறது?

நான்கு வளர்ச்சிகளில் எதை நாம் மறந்திருக்கிறோம்?

இவ்வாரத் தீர்மானம்: மாலைச் செபம் முடிந்ததும் பத்து நிமிடம் பிள்ளையைப் பேசவிட்டு, இடைமறிக்காமற் கேட்போம். திருக்குடும்பத்தை நடத்திய சூசையப்பரும் கன்னிமரியாளும் நம் வீடுகளுக்காக வேண்டிக்கொள்வார்களாக.