சத்தம் கேட்கும் இடத்தில் பழுது இருப்பதில்லை

வீட்டில் நாமே செய்த ஆல்ஸ்டார் நோடு மக்கர் செய்தால், மறுமுனையில் இருப்பவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "உங்க குரல் சரியா வரலை." இந்த ஒரு புகாருக்குப் பின்னால் ரேடியோ, அதைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி ஒலி அட்டை, கணினி, இணையம் என்று நான்கு பொருட்கள் நிற்கின்றன. கெட்டது எது என்று புகார் சொல்லாது. நியூ ஜெர்சியில் என் வீட்டு மேசையில் ஓடும் நோடையும், ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் கொண்டுவந்து கொடுத்தவற்றையும் பிரித்து மேய்ந்ததில் நான் உறுதியாக நம்புவது இதுதான்: பழுது கேட்கும் இடம் வேறு, இருக்கும் இடம் வேறு. எதையும் மாற்றுவதற்கு முன்னால் சங்கிலியை வெட்டி, துண்டு துண்டாகக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக. உரிமம் பெற்ற ஹாம் ஒருவர் கையிலிருக்கும் சின்ன ரேடியோ சில கிலோமீட்டர் தூரம்தான் எட்டும். நோடு அந்தக் குரலை வாங்கி இணையம் வழியாக அனுப்பும். இன்னொரு ஊரிலுள்ள நோடு அதை மறுபடி வானில் விடும். 1997-இல் கனடாவின் வான்கூவரில் டேவ் கேமரன் தொடங்கிய ஐஆர்எல்பி, 2002-இல் ஜொனாதன் டெய்லர் வெளியிட்ட எக்கோலிங்க், ஜிம் டிக்ஸன் உருவாக்கிய ஆல்ஸ்டார் ஆகிய மூன்றும் இந்த வேலையைத்தான் வெவ்வேறு வழிகளில் செய்கின்றன. ஆல்ஸ்டாருக்கு அடித்தளம் ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் மென்பொருள். அதாவது மேசையில் இருப்பது நிஜமான ஒரு தொலைபேசி நிலையம். ரேடியோ அதன் ஒரு எக்ஸ்டென்ஷன். இதை மனதில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எண் பதிவாகியிருக்கிறதா, அழைப்பு போகிறதா, குரல் போகிறதா என்று தனித்தனியாகக் கேட்கத் தோன்றும்.

முதல் வெட்டு கிளிப்பிள்ளை நோடில். ஆல்ஸ்டாரில் 55553, எக்கோலிங்கில் 9999. நாம் பேசியதைப் பதிவு செய்து அப்படியே திருப்பிச் சொல்லும் எண்கள் இவை. ரேடியோவின் விசைகளில் நட்சத்திரக் குறி, 3, அதன்பின் 55553 என்று அழுத்தினால் இணைப்பு கிடைக்கும். திரும்பி வரும் குரல் தெளிவாக இருந்தால் நம் பக்கம் எல்லாம் சரி. புகார் சொன்னவரின் நோடைத்தான் பார்க்க வேண்டும். எத்தனை ரேடியோக்கள் தேவையில்லாமல் திறக்கப்பட்டிருக்கின்றன, இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல்!

குரல் கெட்டுத் திரும்பினால் இரண்டாவது வெட்டு. நட்சத்திரக் குறியோடு 70 அழுத்தினால் நோடு தன் இணைப்பு நிலையைத் தானே பேசும். அந்தக் குரல் கணினிக்குள்ளேயே பிறப்பது, இணையத்தைத் தொடுவதில்லை. இதை வேறொரு ரேடியோவில் கேளுங்கள். கணினியின் குரல் சுத்தமாகவும், வெளியூர்க் குரல்கள் எல்லாம் வெட்டி வெட்டியும் வந்தால் சந்தேகம் இணையத்தின்மேல். இரண்டும் ஒரே மாதிரி கரகரத்தால், ஒலி அட்டையிலிருந்து ஆன்டெனா வரையிலான பாதையில் தேடுங்கள்.

இணையப் பக்கம் பலரும் பயப்படுகிற அளவுக்குச் சிக்கலானதல்ல. ஆல்ஸ்டார் நோடுகள் தங்களுக்குள் அழைப்பு, குரல் இரண்டையும் யூடிபி 4569 என்ற ஒரே போர்ட் வழியாக அனுப்புகின்றன. அதனால் இணைப்பு கிடைத்து ஒருபக்கக் குரல் மட்டும் கேட்கவில்லை என்றால் ரூட்டரைக் குறை சொல்லக் காரணம் குறைவு. ஒலிக் கம்பியைப் பாருங்கள். எக்கோலிங்க் 5198, 5199 ஆகிய இரண்டு யூடிபி போர்ட்டுகளைப் பயன்படுத்துவதால், இணைந்தும் மௌனமாக இருந்தால் அங்கே ரூட்டர்தான் முதல் சந்தேகம். நாம் அழைத்தால் போகிறது, பிறர் அழைத்தால் வரவில்லை என்றால் ரூட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்ட எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். அதன்பின் ரூட்டரில் எந்தக் கதவைத் திறந்தும் பயனில்லை. பொது முகவரியைக் கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் வாடகை சர்வர் ஒன்றுக்கு விபிஎன் போட்டு அதன் வழியே அழைப்புகளை வரவழைக்கலாம். வைஃபையில் குரல் வெட்டினால், விவாதமே வேண்டாம், ஈதர்நெட் கம்பியைச் செருகுங்கள்.

அடுத்தது இரண்டு ஒற்றைக் கம்பிகள். பிடிடி, கணினி ரேடியோவிடம் "பேசு" என்று சொல்வது. சிஓஎஸ், "யாரோ பேசுகிறார்கள்" என்று ரேடியோ கணினியிடம் சொல்வது. சிஎம்108 அல்லது சிஎம்119 சில்லு வைத்த மலிவான யூஎஸ்பி ஒலி அட்டையில், பொடி எழுத்து போன்ற கால்களில் இந்தக் கம்பிகளைச் சாலிடர் செய்கிறோம். பிடிடி 13-ஆம் கால், சிஓஎஸ் 48-ஆம் கால். சிஓஎஸ் விஷயத்தில் ரேடியோவுக்கு ரேடியோ வழக்கம் மாறும். சில, சிக்னல் வந்தால் மின்னழுத்தத்தை உயர்த்தும். சில, தரையோடு சேர்க்கும். அமைப்புக் கோப்பில் இது தலைகீழாக இருந்தால், யாரும் பேசாதபோது நோடு இரைச்சலை உலகத்துக்கு அனுப்பும். பேசும்போது வாயை மூடிக்கொள்ளும். கோப்பைத் தொடும் முன் மல்டிமீட்டரை அந்தக் கம்பியில் வைத்து, இன்னொரு ரேடியோவில் பேசி, முள் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிடுங்கள். ரேடியோவின் மின்னழுத்தம் சில்லுக்குத் தாங்காத அளவு இருக்கலாம். நடுவில் ஒரு டயோடு போட்டால் ரேடியோ கம்பியைத் தரைக்கு இழுக்க முடியும், தன் மின்னழுத்தத்தை உள்ளே தள்ள முடியாது.

குரலின் தரம் பற்றிய புகார்களில் பாதிக்கு மேல் எம்ஃபசிஸ் சம்பந்தப்பட்டவை என்று என் அனுபவத்தில் சொல்வேன். எஃப்எம் ரேடியோ அனுப்பும்போது உச்ச ஸ்தாயியைத் தூக்கிவிடும், வாங்கும்போது அதே அளவு இறக்கும். ஸ்பீக்கர் முனையிலிருந்து ஒலியை எடுத்தால் இறக்கும் வேலை முடிந்திருக்கும். மொபைல் ரேடியோவின் பின்னாலுள்ள ஆறு ஊசி டேட்டா சாக்கெட்டில் 9600 என்று குறித்த ஊசியிலிருந்து எடுத்தால் முடிந்திருக்காது. அங்கே மென்பொருள்தான் இறக்க வேண்டும். இருவரும் செய்தால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மழுங்கும். யாருமே செய்யாவிட்டால் தகரத்தில் கீறுவதுபோல் கீச்சிடும். மழுங்கலுக்கு மைக்கையும் கீச்சுக்கு இணையத்தையும் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒலி அளவையும் காதால் மட்டும் வைக்காதீர்கள். மலிவான எஸ்டிஆர் (மென்பொருள் ரேடியோ) டாங்கிள் ஒன்றில் நோடின் சிக்னலைப் பார்த்து, அலைவரிசை விலகல் 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாதபடி வைத்தால் போதும்.

இனி, என்னை அதிகம் கற்கவைத்த பழுது. அடுக்குமாடியில் வெளியே ஆன்டெனா வைக்க அனுமதியில்லாத, ஓய்வுபெற்ற ஹாம் நண்பர் ஒருவருக்கு ரேடியோ வழி நட்புகள் மிச்சமிருப்பதே நோடு இருப்பதால்தான். அவருடைய நோடு பேச ஆரம்பித்தால் நிறுத்தாது. குரல் முடிந்த பின்னும் கேரியர் அலை வானில் நிற்கும். அமைப்புக் கோப்புகள் எல்லாம் சரி. பதிவேட்டைத் திறந்து பார்த்தால், ரேடியோ அனுப்பத் தொடங்கிய சில விநாடிகளில் யூஎஸ்பி ஒலி அட்டை துண்டிக்கப்பட்டு மறுபடி இணைந்ததாக வரிகள். துண்டிப்பு நேரும்போது பிடிடி "பேசு" நிலையிலேயே உறைந்துவிடுகிறது. மென்பொருள் நிறுத்தச் சொன்னாலும் கேட்க அங்கே ஆள் இல்லை.

ஆன்டெனாவைக் கழற்றி, அந்த இடத்தில் 50 ஓம் டம்மி லோடைப் பொருத்தினோம். பழுது மறைந்தது. சக்தி வெளியே பரவாதபோது நன்றாக ஓடுகிறது, பரவும்போது கெடுகிறது என்றால், வானுக்குப் போகவேண்டிய அலை கம்பிகள் வழியே உள்ளே நுழைகிறது. இந்த ஒரு சோதனை எத்தனையோ இரவுகளை மிச்சப்படுத்தும். கையடக்க ரேடியோவின் குட்டை ரப்பர் ஆன்டெனா, முழு ஆன்டெனாவில் பாதிதான். மறுபாதி ரேடியோவின் உடலும் அதைப் பிடித்திருக்கும் கையும். மேசையில் வைத்து நோடாக்கினால் கைக்குப் பதில் ஒலிக் கம்பியும் யூஎஸ்பி கம்பியும் அந்த மறுபாதியாகிவிடுகின்றன. 440 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 68 சென்டிமீட்டர். கால் அலை 17 சென்டிமீட்டர். பெட்டிக்குள் நாம் விடும் கம்பிகள் கிட்டத்தட்ட அந்த நீளத்தில்தான் இருக்கின்றன. ஆன்டெனாவைக் கோஆக்ஸ் கம்பியில் சில மீட்டர் தள்ளி, மறுபாதி வேலையைச் செய்யும் தரைக்கம்பிகளோடு (கிரவுண்ட் பிளேன்) சன்னல் ஓரம் வைத்தோம். ஒலி அட்டையை உலோக டப்பாவுக்குள் அடைத்தோம். உள்ளே வரும் கம்பிகளில் ஃபெரைட் மணிகளும், தரைக்குச் சின்ன கெப்பாசிட்டர்களும் போட்டோம். ஃபெரைட்டில் ரகம் முக்கியம். 31 என்ற ரகம் குறைந்த அலைவரிசைகளுக்கு நல்லது, 440-க்கு 61 பொருத்தம். ரேடியோவின் சக்தியையும் 1 வாட்டுக்குக் குறைத்தோம். வீட்டுக்குள் நடமாடியபடி பேசும் ஒருவருக்கு அதுவே தாராளம். சின்ன ரேடியோ சூடேறி வதங்குவதும் நின்றது.

மின்சாரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நோடின் கணினி ராஸ்பெரி பை என்றால், மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது குறைமின்னழுத்த எச்சரிக்கையைக் குறித்து வைக்கும். அந்தக் குறிப்பு இருந்தால் மற்ற எந்தச் சோதனையின் முடிவையும் நம்பாதீர்கள். நல்ல அடாப்டர் வாங்கிவிட்டு ஆரம்பத்திலிருந்து வாருங்கள். எஸ்டி கார்டின் நகல் ஒன்று மேசை இழுப்பறையில் இருக்கட்டும்.

ஒரே அலைவரிசையில் பேசியும் கேட்டும் இயங்கும் நோடுக்கு இன்னும் மூன்று அமைப்புகள். டூப்ளெக்ஸ் எண்ணை 0 அல்லது 1 என்று வையுங்கள். 2 என்பது ரிப்பீட்டருக்கு. அனுப்பி முடித்த கணத்தில் ரேடியோவின் ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைக்கும் கதவு) ஒருமுறை துள்ளும். அந்தத் துள்ளலை யாரோ பேசுவதாக எடுத்துக்கொண்டு இரண்டு நோடுகள் மாறி மாறி ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே இருப்பதுண்டு. அனுப்பி முடிந்தபின் சிறிது நேரம் சிஓஎஸ்ஸைக் கவனிக்காதே என்று சொல்ல மென்பொருளில் இடமிருக்கிறது. மூன்றாவது சிடிசிஎஸ்எஸ், அதாவது குரலோடு சேர்த்து அனுப்பும் அடையாளத் தொனி. எல்இடி விளக்கின் இரைச்சல்கூட ஸ்குவெல்ச்சைத் திறக்கும். தொனி இல்லாத நோடு அதை நூறு ஊர்களுக்கு அனுப்பிவிடும்.

அமெரிக்க விதிப்படி 10 நிமிடத்துக்கு ஒருமுறையாவது அழைப்புக்குறி வானில் போகவேண்டும். மென்பொருளே அதைச் செய்யும். தமிழ்நாட்டிலோ வேறெங்கோ கட்ட நினைப்பவர்கள், இணையத்தோடு ரேடியோவை இணைப்பது பற்றி உங்கள் உரிமம் என்ன சொல்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு முறைப் பேச்சின் நேர வரம்பு பொதுவாக 3 நிமிடம். ஆனால் நண்பரின் நோடில் பார்த்ததுபோல் ஒலி அட்டையே உறைந்தால் அந்த வரம்பும் வேலை செய்யாது. அதனால் ரேடியோவிலேயே உள்ள டைம்-அவுட் வசதியையும் தனியாக இயக்கி வையுங்கள். ரேடியோவின் மின்சாரத்தைத் தொலைவிலிருந்து நிறுத்த, நோடின் கணினியைச் சாராத ஸ்விட்ச் ஒன்றையும் பொருத்திவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.