தலைமாட்டில் ஒரு பேட்டரி லைட்

பேட்டரி லைட் எதற்கு என்று கேட்டால், கரண்டு போனால் மெழுகுவத்தியைத் தேடி எடுக்க என்றுதான் நம்மில் பலரும் சொல்வோம். இப்போது கைப்பேசியிலேயே விளக்கு வந்துவிட்டதால், பல வீடுகளில் அது அலமாரியின் மூலையில் கிடக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள், சேலம், நாமக்கல் வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து வரும் தோழியரின் வீடுகளில் விசாரித்தபோது, நினைத்தே பார்க்காத வேலைகளுக்கெல்லாம் அது உதவியிருப்பதை அறிந்தோம். அவற்றுள் சிலவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அதன் பிறப்பைப் பற்றிச் சிறிது. 1899-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பவருக்கு இவ்விளக்கிற்கான காப்புரிமை கிடைத்தது. அக்காலத்துக் கட்டைகளுக்குத் தொடர்ந்து எரியவைக்கும் வலிமை இல்லை. ஆகவே பளிச்சென்று எரிந்து அணைவது என்னும் பொருளில் அமெரிக்கர் அதற்கு 'ஃபிளாஷ் லைட்' என்று பெயரிட்டனர். ஆங்கிலேயர் வைத்த 'டார்ச்' என்னும் பெயருக்கோ தீப்பந்தம் என்று பொருள். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த இரண்டும் வேண்டாம். "அந்த மூணு கட்டை லைட்டை எடு" என்றால் போதும்.

நாமக்கல் என்றதும் முட்டை நினைவுக்கு வரும். பெரிய பண்ணைகளில் சேவல் இல்லாமலே கோழிகள் முட்டையிடுகின்றன. அம்முட்டைகள் பொரியா. வீட்டில் நாட்டுக்கோழியை அடைக்கு வைப்பவர்களுக்குத்தான் எது பொரியும், எது பொரியாது என்ற கவலை. ஏழாம் நாள் இரவில், இருட்டறையில் டார்ச்சின் கண்ணாடியைக் கையால் வளைத்து மூடி, சிறு இடைவெளி விட்டு, அதன்மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பார்க்கிறார்கள். நடுவில் கறுப்பாய் ஒரு புள்ளியும், அதைச் சுற்றிச் சிலந்திவலைபோல் சிவந்த நரம்புகளும் தெரிந்தால் உள்ளே குஞ்சு வளர்கிறது. ஒன்றுமில்லாமல் தெளிவாய்த் தெரிந்தால் அது கூமுட்டை. (வகுப்பில் நாம் ஒருவரையொருவர் கேலி செய்யும் அதே சொல்தான்!) அதை எடுத்துவிட்டால், கெட்டு வெடித்து மற்ற முட்டைகளையும் பாழாக்காது. 21-ஆம் நாள் வரை காத்திருக்கவும் வேண்டாம். அகன்ற முனையில் ஒரு காற்றறை தெரியும். ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேற வெளியேற அது பெரிதாகும். முட்டை பழையதா புதியதா என்பதையும் இதைக் கொண்டே சொல்லிவிடலாம். டார்ச் வருமுன் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இதைச் செய்தார்களாம்.

இனி இரவில் தண்ணீர் கட்டுபவர்களைப் பற்றி. பாசன மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் நம் பகுதியில் பல ஆண்டுகள் முறைவைத்து வந்தது. பகலில் சில மணி, இரவில் சில மணி. இரவு முறை வந்தால் குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் இரவிலேதான் போகவேண்டும். மடையில் நிற்பவர் லைட்டை மேலும் கீழும் ஆட்டினால், மோட்டார் கொட்டகையில் இருப்பவர் தண்ணீரை நிறுத்துவார். சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறுகள் வரப்பை ஒட்டியே வாய்பிளந்து கிடக்கின்றன. அவற்றை நினைத்தாலே எங்களுக்கு உடல் நடுங்குகிறது.

இராசிபுரம் பக்கத்துத் தோழி ஒருத்தியின் தந்தையார் ஓர் இரவு மோட்டார் போடச் சென்றார். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்ததும் கையை நீட்டாமல், வழக்கப்படி லைட்டை அடித்துப் பார்த்தார். உள்ளே ஸ்டார்ட்டரின்மேல் பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது! அது எந்தப் பாம்பு என்று பார்க்க அவர் நிற்கவில்லை.

தோட்டத்தில் வெளிச்சத்தை எங்கே அடிப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பூனை, மாடு இவற்றின் கண்ணுக்குள் பின்புறத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. அதனால் அவை தொலைவிலேயே மின்னும். பாம்பின் கண்ணுக்கு அப்படலம் இல்லை. 'கண் மின்னட்டும், விலகிக்கொள்வோம்' என்றிருந்தால் ஏமாந்துபோவோம். காலுக்கு முன்னால் இரண்டு எட்டுத் தொலைவில் தரையைப் பார்த்தே நடக்கவேண்டும். ஓய்வான நேரத்தில் லைட்டை நெற்றியருகே பிடித்துக் கடலைக்காட்டைப் பாருங்கள். பனித்துளிபோல் பச்சைப் பச்சையாய் மின்னும். அருகில் போனால் பனித்துளி அன்று; தரையில் ஓடும் ஓநாய்ச் சிலந்தியின் கண்கள்!

பாம்பைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம் உண்டு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் ஏறக்குறைய 12 இலட்சம் பேர் இறந்தனர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்தவர். தமிழ்நாட்டு அரசு 2024-இல் பாம்புக் கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்கவேண்டியவற்றுள் சேர்த்தது.

நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகிய நான்கும் நம் நாட்டில் மிகுதியான உயிர்களைக் கொள்பவை. இவற்றுள் கட்டுவிரியன் பகலில் மந்தமாய்க் கிடந்து, இரவில் இரைதேடி வீட்டுக்குள்ளும் வரும். தரையில் படுத்துறங்குபவர் புரளும்போது கடித்துவிடும். கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. எறும்பு என்றெண்ணித் தூங்கிவிடுவோரும் உண்டு. விடியும் வேளையில் வயிற்றுவலி வரும், கண்ணிமை தொங்கும், பிறகு மூச்சே தடைப்படும். ஆதலால் நள்ளிரவில் ஏதோ சுருக்கென்றது என்று குழந்தை சொன்னால், அதட்டி உறங்கவைக்காமல் லைட்டை எடுத்துப் பாயின் அடியையும் சுவரோரத்தையும் பார்ப்பது நல்லது. ஒன்றும் தென்படாவிட்டாலும், இமை தொங்கும்வரை காத்திராமல் நேரே மருத்துவமனைதான். கீறக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழைக்கவேண்டும். அங்கே தரும் நச்சுமுறிவு மருந்து இந்நான்கு பாம்புகளின் நஞ்சைக் கொண்டே செய்யப்படுவது. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அந்நஞ்சை எடுத்துத் தருகிறது.

கைப்பேசி விளக்கு போதாதா என்று கேட்கலாம். படுக்கையைச் சுற்றிப் பார்க்கப் போதும். ஆனால் அதன் ஒளி விரிந்து பரவுவதால் வரப்பில் தொலைவுக்கு எட்டாது. சார்ஜ் தீர்ந்தால் லைட்டும் இல்லை, 108-ஐ அழைக்க வழியும் இல்லை.

எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டியார், பாயில் படுத்தபடியே கைக்கெட்டும் உயரத்தில் ஆணி அடித்துத் தம் பேட்டரி லைட்டை மாட்டி வைத்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டே எடுத்துவிடுவார். பால் கொட்டினாலும், தட்டு உடைந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டாராம். விளையாட எடுத்த லைட்டை வேறு இடத்தில் வைத்துவிட்டால்தான் பேரப்பிள்ளைகளுக்கு அடி விழுமாம்.